அம்மம்மாவின் சத்தியக்கடதாசி

“தம்பி, என்ரை பேரனுக்கு இஞ்சை இடமில்லை எண்டு நான் கையெழுத்து வைக்கவோ?”

2019 மாசி மாதம் ஒரு நாள் யாழ்ப்பாணத்து அளவெட்டியிலிருந்து பெரியம்மா வைபரில் கேட்டது இது. லண்டனில் நடுச்சாமம் ஆகப்போகிறது. அங்கே விடியற்காலை, பின்னால் சேவல் கூவுவது கேட்கிறது. சமையலறை மேசையில் கேஸ் கட்டைப் பரப்பி வைத்துக்கொண்டு இருந்த நான், “ஓம் பெரியம்மா, அப்பிடித்தான் எழுத வேணும்” என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “விசர்ச் சட்டம்” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

பிரித்தானியா இலங்கைக்கு நாடுகடத்தப் பார்த்த அந்தப் பேரன் என் ஒன்றுவிட்ட அக்காவின் மகன். பெயர் வேண்டாம், பெடியன் என்றே வைத்துக்கொள்கிறேன். இதை எழுதட்டுமா என்று கேட்டபோது, “எழுது மாமா, பேர் மட்டும் போடாதை, ஓகே?” என்றான். அவன் என்னை ஒருமையில் கூப்பிடுவதைக் கவனித்து வையுங்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

1994இல் பிறந்தவன். அத்தான் முதலே லண்டன் வந்து விசா எடுத்துவிட்டார். 1998இல் அக்காவையும் நாலு வயதுப் பெடியனையும் ஸ்பொன்சர் பண்ணி எடுத்தார். 2000இல் தங்கச்சி பிறந்தாள். தாய் தகப்பனுக்கு நிரந்தர வதிவிடம் இருந்ததால் அவள் பிறக்கும்போதே பிரித்தானியப் பிரஜை. பிறகு அத்தானும் அக்காவும் பிரஜாவுரிமை எடுத்தார்கள். பெடியனுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், தனியாகக் காசு கட்ட வேண்டும். அந்த வருஷம் வீட்டுக் கடன், அடுத்த வருஷம் ஊரில் சின்ன அக்காவின் கலியாணம். “அவனுக்குத்தானே விசா இருக்கு, பிறகு பாப்பம்.” எங்கள் ஆட்களின் எத்தனை வீடுகளில் இந்த ‘பிறகு பாப்பம்’ இருக்கிறது என்று எனக்குத் தெரியும். 2018இல் ஒரு பிள்ளையைப் பிரஜையாகப் பதிய 1,012 பவுண் கேட்டார்கள். நாங்கள் தவறவிட்ட காலத்தில் அதைவிடக் குறைவு. ஒரு சாமத்தியச் சடங்கின் வீடியோக்காரனுக்குக் கொடுக்கிற காசு.

2016இல் ஒரு சனிக்கிழமை இரவு மதுக்கடை வாசலில் சண்டை. பெடியன் அடித்ததில் ஒருவனுக்குத் தாடை உடைந்தது. இருபது மாதத் தண்டனை. அவன் செய்தது பிழை, அதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அடிபட்டவனுக்கும் ஒரு தாய் இருக்கிறாள், மாதக்கணக்கில் அவனுக்குக் கரைத்துக் கொடுத்திருப்பாள். தண்டனையில் பாதி கழித்தால் வெளியே விடுவார்கள் என்பதால் அக்கா அந்தத் திகதியை கலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தாள். அன்றைக்கு விடியவே கோழி வாங்கி உப்பும் மஞ்சளும் பிரட்டி வைத்தாள். பின்னேரம் போன் வந்தது, அவன் வரவில்லை. சிறையிலிருந்து நேரே குடிவரவுத் தடுப்புக்கு மாற்றிவிட்டார்களாம். அதற்கு முதலே சிறைக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. அவன் அதை யாருக்கும் காட்டவில்லை. பெயில் கிடைக்க இரண்டு மாதம் எடுத்தது.

சட்டம் இதுதான். 2007ஆம் ஆண்டு யுகே போர்டர்ஸ் சட்டத்தின்படி, பிரித்தானியப் பிரஜை அல்லாத ஒருவர் 12 மாதமோ அதற்கு மேலோ தண்டனை பெற்றால் நாடுகடத்தல் தானாகவே வரும். எத்தனை வருஷம் இங்கே இருந்தாய் என்பது முதலில் கேள்வியே இல்லை. அதைத் தடுக்க வேண்டுமானால் மனித உரிமையைச் சொல்லி அப்பீல் பண்ண வேண்டும். பெரும்பாலும் ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் எட்டாம் உறுப்புரை, தனிவாழ்வும் குடும்ப வாழ்வும். அந்த உரிமையை எப்படி அளப்பது என்று 2014இல் பாராளுமன்றமே எழுதிக் கொடுத்துவிட்டது. நாலு வருஷத்துக்குக் குறைந்த தண்டனை என்றால் இரண்டு வாசல் உண்டு. ஒன்று, மனைவி அல்லது பிள்ளை இங்கே இருந்து, பிரிவு அவர்களுக்கு அளவுக்கு மிஞ்சிய கொடுமையாக இருப்பது. பெடியனுக்கு இரண்டும் இல்லை. மற்றது மூன்று படி கொண்டது. வாழ்நாளில் பெரும்பகுதி சட்டப்படி இங்கே இருந்திருக்க வேண்டும், இந்தச் சமூகத்தோடும் பண்பாட்டோடும் கலந்திருக்க வேண்டும், அனுப்பப்படும் நாட்டில் போய் ஒட்டிக்கொள்வதற்கு மிகப் பெரிய தடைகள் இருக்க வேண்டும். மூன்றும் வேண்டும். இரண்டு போதாது.

எங்கள் ஆட்கள் இதை அசைலத்தோடு, அதாவது அகதித் தஞ்சம் கேட்பதோடு, குழப்புவார்கள். “ஆமி பிடிக்கும் எண்டு சொல்லுங்கோவன்” என்று எத்தனை பேர் அக்காவுக்குப் புத்தி சொன்னார்கள்! அது வேறு வழக்கு, வேறு ஆதாரம். நாலு வயதில் வந்த, எந்த ஊர்வலத்துக்கும் போகாத பெடியனுக்கு அந்தக் கதை பொருந்தாது. இங்கே கேள்வி ஆபத்தைப் பற்றியது அல்ல, ஒட்டைப் பற்றியது. உனக்கும் அந்த மண்ணுக்கும் இன்னும் என்ன இருக்கிறது?

முதல் வழக்குக்குச் சட்ட உதவிப் பணம் கிடைக்கவில்லை. 2013 சித்திரையிலிருந்து இப்படியான குடிவரவு வழக்குகள் அந்தத் திட்டத்துக்கு வெளியே போய்விட்டன. விதிவிலக்காகக் கேட்கலாம் என்று ஒரு வழி இருப்பதே எங்களுக்கு அப்போது தெரியாது. அக்கா சீட்டைக் கழிவு போக எடுத்து ஒரு சொலிசிட்டரைப் பிடித்தாள். மலிவானவர். “பிள்ளை நல்ல பிள்ளை எண்டு காட்டுற எல்லாத்தையும் கொண்டு வாங்கோ” என்றார். நாங்களும் கொண்டுபோனோம். அதைக் கட்டியவனே நான்தான். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புச் சான்றிதழ். பத்து வயதில் திருக்குறள் மனனப் போட்டியில் இரண்டாம் பரிசு. கோயில் நிர்வாகம் கொடுத்த கடிதம்: இவர் எமது சமய, கலாசார விழுமியங்களில் மிகுந்த பற்றுடையவர். பிறகு ஒரு படம். 2013இல் நல்லூர்த் திருவிழாவுக்கு எல்லோரும் போனபோது நான் எடுத்தது. தேரன்று வேட்டி கட்டி, இடுப்பில் சால்வை, மேலெல்லாம் விபூதி. வடத்தில் கை வைத்துப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். வடத்தை அவன் இழுக்கவில்லை, படத்துக்காக நின்றான். வேட்டியைக் கட்டிவிட்டதும் நான்தான், அது அவிழாமலிருக்க உள்ளே பெல்ட். கேஸ் கட்டில் அது 41ஆம் பக்கம்.

விசாரணையில் அக்கா சாட்சி. தமிழ் உரைபெயர்ப்பாளர் ஒரு பெண், இந்தியத் தமிழ். நல்லவர், தெளிவாகப் பேசினார். ஹோம் ஆபிஸ் (உள்துறை அமைச்சு) தரப்பில் வந்தவர் இளம் ஆள், குரல் உயர்த்தாதவர். அவர் கேட்டதை அந்த அம்மா இப்படித் தமிழில் தந்தார்: “உங்க மகனுக்கு இலங்கையோட என்ன பந்தம் இருக்கு?”

அக்கா விழித்தாள். எங்கள் பக்கத்தில் பந்தம் என்றால் செத்த வீட்டில் பிடிக்கிறது, இல்லாவிட்டால் மேலதிகாரிக்குப் பிடிக்கிறது. உரைபெயர்ப்பாளர் மாற்றிச் சொன்னார், “தொடர்பு, சொந்தம்.” அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அம்மம்மா இருக்கிறா, சின்னம்மா இருக்கிறா, ஒவ்வொரு ஞாயிறும் போனில் கதைப்பான், ஊரென்றால் அவனுக்கு உயிர்.

“வீட்டில் என்ன மொழி?”

“தமிழ்தான். நான் வீட்டிலை இங்கிலிஷ் கதைக்க விடமாட்டன்.”

“வேறு கேள்விகள் இல்லை” என்று அவர் இருந்துவிட்டார். பின்வரிசையில் இருந்த எனக்கு வயிறு பிசைந்தது. அக்கா வெளியே வந்து, “நல்லாச் சொன்னன் என்ன?” என்று கேட்டாள்.

அப்பீல் எடுபடவில்லை. தீர்ப்பில் முதல் இரண்டு படியும் எங்கள் பக்கம். மூன்றாவதில் விழுந்தோம். மொழி தெரியும், நெருங்கிய உறவு இருக்கிறது, தங்க வீடு இருக்கிறது, வளர்ந்தபின் போய் வந்திருக்கிறார், சமயச் சடங்குகளில் ஈடுபாடு உண்டு. ஒவ்வொன்றுக்கும் பக்க எண் போட்டிருந்தார் நீதிபதி. எல்லாம் எங்கள் கட்டின் பக்க எண்கள். ஹோம் ஆபிஸ் ஒரு தாளும் தேடிக் கொண்டுவரத் தேவை இருக்கவில்லை.

இருபது வருஷமாக நாங்கள் இந்தப் பிள்ளைகளுக்குச் செய்தது என்ன? பனிக்குள் சனிக்கிழமை காலையில் எழுப்பித் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துப் போனோம். “எங்கடை ஊர்” என்று சொல்லிச் சொல்லி வளர்த்தோம். அவன் பள்ளிக்கூட நண்பர்களோடு பந்தடிக்கப் போகவிடாமல் சங்கீத வகுப்புக்கு அனுப்பினோம். எல்லாம் எங்களுக்காக. தொலைத்துவிட்டு வந்ததைப் பிள்ளையின் வாயில் கொஞ்சமாவது வைத்திருக்க வேண்டும் என்ற ஆசை. அவன் எவ்வளவு தமிழனாக இருந்தான் என்பதல்ல, நாங்கள் அவனை எவ்வளவு தமிழனாக வைத்திருக்கப் பாடுபட்டோம் என்பதுதான் அந்தக் கட்டு முழுவதிலும் இருந்தது. நீதிபதிக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்? எங்களுக்கே தெரியாமல் இருந்தது.

தோற்றபின்தான் நான் தீர்ப்புகளை வாசிக்கத் தொடங்கினேன். நான் சட்டம் படித்தவன் அல்ல, கணக்கு எழுதுகிறவன். ஆனால் இரவு வேலை செய்கிறவனுக்கு நேரம் உண்டு. 2012 ஆடியில் வந்த விதி இன்னும் கடுமையானது. அந்த நாட்டோடு சமூக, பண்பாட்டு, குடும்பத் தொடர்பு ‘எதுவுமே’ இருக்கக்கூடாது என்று எழுதியிருந்தார்கள். ஒரு மாமன் உயிரோடு இருந்தாலே கதை முடிந்தது என்பது போல. 2013இல் ஒகுண்டிமு என்ற நைஜீரியர் ஒருவரின் வழக்கில் மேல் தீர்ப்பாயம் அந்தச் சொல்லுக்கு உயிர் கொடுத்தது. தொடர்பு என்றால் தூரத்து உறவோ கடதாசிச் சம்பந்தமோ அல்ல, அந்த நாட்டின் வாழ்க்கையோடு தொடர்ந்து இருக்கும் பிணைப்பு. இல்லாவிட்டால் அந்த நாட்டின் பிரஜை என்பதே ஒருவரைத் தோற்கடிக்கப் போதும் என்றாகிவிடும் என்றார்கள். 2014இல் சொல் மாறி, ‘ஒட்டிக்கொள்ள மிகப் பெரிய தடைகள்’ என்றாயிற்று. 2016இல் கமாரா வழக்கில் அப்பீல் நீதிமன்றம் அதை விரித்தது. வேலை தேடிச் சோறு உண்ண முடியுமா என்பது மட்டும் போதாது. அந்தச் சமூகத்தில் காரியங்கள் எப்படி நடக்கின்றன என்று விளங்கிய உள்ளாளாக அவன் இருப்பானா, அவனை ஏற்றுக்கொள்வார்களா, நாளாந்தம் அலுவல் பார்த்து, நியாயமான காலத்துக்குள் மனித உறவுகளைக் கட்டிக்கொள்வானா என்று பார்க்க வேண்டும்.

உள்ளாள். அந்தச் சொல்லை வாசித்தபோதுதான் 2013இல் சுன்னாகத்தில் நடந்தது ஞாபகம் வந்தது.

மரக்கறிச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கடை. முதலாளி எழுபது வயது மதிக்கத்தக்கவர், நெற்றியில் சந்தனம். பெடியன் சோடா வாங்கினான். மீதிக் காசை எண்ணிக்கொண்டே அவர், “தம்பி எந்த இடம்?” என்று கேட்டார். பெடியன் சிரித்த முகத்தோடு, “நான் லண்டன். நீ எந்த இடம்?” என்றான். கடையில் நின்ற நாலு பேரும் திரும்பினார்கள். ஐயா காசை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவனுக்கு என்ன நடந்ததென்றே விளங்கவில்லை. “வட் டிட் ஐ சே?” என்று என்னைக் கேட்டான்.

அவனுடைய தமிழ் முழுவதும் தாய் அவனோடு பேசிய தமிழ். ‘வா, சாப்பிடு, எங்கை போறாய், படுத்திட்டியோ.’ அவனை நோக்கி வந்த சொற்களை அப்படியே திருப்பித் தருவான். அவனை யாரும் ‘நீங்கள்’ என்று கூப்பிட்டதில்லை, ஆகவே ‘நீங்கள்’ அவன் வாயில் இல்லை. கேட்டால் விளங்கும், ஆனால் வாய் வராது. கோயில் ஐயரையும் நீ, பஸ் கொண்டக்டரையும் நீ. வீட்டில் நாங்கள் சிரித்துவிட்டு விடுவோம். கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், ஒரு அலுவலுக்குப் போய் மேசைக்குப் பின்னால் இருப்பவரை நீ என்று கூப்பிடுகிறவன் அங்கே எத்தனை நாள் தாக்குப்பிடிப்பான்? எழுத வாசிக்கவும் வராது. ஐந்தாம் வகுப்புச் சான்றிதழோடு பள்ளியை விட்டவன் கடைப் பலகையில் ‘கடை’ என்பதை வாசிப்பான், மேலே ஒன்றும் இல்லை. சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது.

இரண்டாவதாகப் பிடித்த பாரிஸ்டருக்கு இதைச் சொன்னேன். வெள்ளைக்காரப் பெண். பேனையை வைத்துவிட்டு, “இதை ஏன் முதல் விசாரணையில் யாரும் சொல்லவில்லை?” என்று கேட்டார். வெட்கம் என்று சொன்னேன். பிள்ளைக்கு மரியாதையாகத் தமிழ் பேசத் தெரியாது என்பதை எந்தத் தாய் நீதிமன்றத்தில் சொல்வாள்?

என் வாக்குமூலத்தில் அந்தக் கடைச் சம்பவத்துக்கு ஒரு பக்கம். நீ, நீர், நீங்கள் மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதால் அதை விளக்கவே அரைப்பக்கம் போயிற்று. இன்னொரு பக்கம், பெல்ட் போட்டுக் கட்டிய வேட்டிக்கு.

அடுத்தது வீடு. பெரியம்மா இருக்கிற வீட்டை ஹோம் ஆபிஸ் தரப்பு ‘குடும்ப வீடு’ என்று எழுதியிருந்தது. யாழ்ப்பாணத்தில் வீடு யாருடையது என்று கேட்டால் சீதனம் யாருக்கு எழுதினது என்றுதான் கேட்பார்கள். அந்த வீடும் வளவும் சின்ன அக்காவுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. பெரியம்மாவே மகள் வீட்டில்தான் இருக்கிறார், சாமி அறைக்குப் பக்கத்தில் ஒரு கட்டில். இரண்டு குமர்ப்பிள்ளைகள் உள்ள வீட்டில், சிறைக்குப் போய் வந்த பெடியனைக் கொண்டுவந்து வைக்கச் சின்ன அத்தான் ஒத்துக்கொள்ள மாட்டார். அவரைக் குறை சொல்லவும் எனக்கு வாயில்லை. எல்லாம் உண்மை. ஆனால் உண்மையைச் சொல்வது வேறு, அதைப் பெரியம்மா சத்தியம் பண்ணி எழுதித் தருவது வேறு.

போனை வைத்து நாலு நாளில் ஊரிலுள்ள ஒரு சமாதான நீதவானிடம் போயிருக்கிறார். ஓய்வுபெற்ற வாத்தியார். தட்டச்சில் ஒரு பக்கம், எண்கள் போட்டு: எனது வயது எண்பத்தொன்று, நான் வசிக்கும் வீடு எனது இளைய மகளுக்குச் சீதனமாக உறுதி எழுதிக் கொடுக்கப்பட்டது, மேற்படி வீட்டில் எனது பேரனை வைத்துப் பராமரிக்க எனக்கு இடமோ வசதியோ இல்லை. கீழே முத்திரை, அதன்மேல் நடுங்கிய கையெழுத்து. ஸ்கான் பண்ணி அனுப்பியது சின்ன அக்காவின் மூத்தவள். மொழிபெயர்ப்போடு சேர்த்துக் கேஸ் கட்டில் 63, 64ஆம் பக்கங்கள்.

மேல் தீர்ப்பாயம் முதல் தீர்ப்பில் சட்டப் பிழை இருக்கிறது என்று ஒதுக்கி வைத்தது. முதல் நீதிபதி மொழியும் உறவும் இருக்கின்றன என்று எண்ணியதோடு நிறுத்திவிட்டார், அவன் அங்கே உள்ளாளாக இருப்பானா என்று ஆளை முழுதாகப் பார்க்கவில்லை என்பதுதான் காரணம். திரும்ப விசாரித்து 2019 கோடையில் அப்பீலை ஏற்றுக்கொண்டது. எங்கள் பாரிஸ்டர் மஸ்லொவ் வழக்கையும் காட்டினார். ஆறு வயதில் பல்கேரியாவிலிருந்து ஒஸ்திரியா வந்த பெடியன் அவன். 2008இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவனை அனுப்பியது பிழை என்றது. பல்கேரியாவில் ஒருநாளும் பள்ளி போகாததால் அவனுக்கு அந்த எழுத்தே வாசிக்கத் தெரியாது என்பதும் அங்கே கணக்கில் வந்தது. குழந்தைப் பருவத்தின் பெரும்பகுதியை சட்டப்படி ஒரு நாட்டில் கழித்தவனை வெளியேற்ற மிகப் பாரமான காரணம் வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பு.

எல்லோருக்கும் இப்படி முடிவதில்லை. ஸ்டெபான் நிஸ்ட்ரொம் என்றொருவர், தாய் சுவீடனுக்குப் போயிருந்தபோது அங்கே பிறந்தவர். 27 நாள் குழந்தையாக அவுஸ்திரேலியா வந்தார். தான் அவுஸ்திரேலியப் பிரஜை என்றே நினைத்திருந்தார். பாரதூரமான குற்றங்கள் செய்தவர்தான். 2006 முடிவில் அவரைச் சுவீடனுக்கு அனுப்பினார்கள், மொழி தெரியாது. 2011இல் ஐநா மனித உரிமைக் குழு, அவுஸ்திரேலியாதான் அவருடைய ‘சொந்த நாடு’ என்று சொன்னது. பாஸ்போட்டில் உள்ளது மட்டும் சொந்த நாடு அல்ல என்று ஒரு உலக அமைப்பு எழுதியதை நான் இரண்டு தரம் வாசித்தேன். இங்கேயோ காற்று மற்றப் பக்கம் அடிக்கிறது. ‘முதலில் அனுப்பு, பிறகு அங்கிருந்து அப்பீல்’ என்ற முறையை 2017இல் உச்ச நீதிமன்றம் நியாயமற்றது என்று நிறுத்தியது. வீடியோ வழி சாட்சி சொல்ல வசதி செய்து அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2025 ஆவணியில் இந்த முறை பொருந்தும் நாடுகளின் பட்டியலை நீட்டினார்கள், அதில் இந்தியாவும் உண்டு. ஊரோடு உனக்கு ஒட்டில்லை என்பதை ஊரில் இருந்துகொண்டே திரையில் சொல்ல வேண்டும்.

பெடியனுக்கு நிரந்தர வதிவிடம் போய்விட்டது. இப்போது இரண்டரை வருஷம் இரண்டரை வருஷமாக விசா. ஒவ்வொரு முறையும் படிவம், கட்டணம். ஊருக்குப் போக வேண்டாம் என்று யாரும் அவனுக்குத் தடை போடவில்லை. ஆனால் போய் வந்தால் அது ஒரு தாளாகி எப்போதாவது திரும்பி வரும் என்ற பயம் அவனுக்குள் இறங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைப் போனையும் குறைத்துவிட்டான்.

2021 தொடக்கத்தில் பெரியம்மா போய்ச் சேர்ந்தார். லண்டனில் லொக்டவுன், பயம் இல்லாதவனும் போயிருக்க முடியாது. சூமில் பார்த்தோம். அக்கா அவள் வீட்டில், நான் என் வீட்டில், பெடியன் அவன் எடுத்திருந்த அறையில். முற்றத்தில் பந்தல், ஐயர் கிரியை செய்கிறார், சின்ன அக்காவின் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். யாரோ கேட்கிறார்கள், “ஒரு பேரப்பிள்ளை குறையுது, லண்டன் பெடியன்ரை பங்குக்கு ஆர்?” அயல்வீட்டுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். நெய் தோய்த்த துணி சுற்றிய குச்சிகளை ஒவ்வொரு கையிலும் கொடுத்து ஏற்றினார்கள்.

திரையின் மூலையிலிருந்து பெடியன் கேட்டான், “மாமா, அது என்ன? வட் ஆர் தே ஹோல்டிங்?”

“பந்தம்.”

கொஞ்சம் யோசித்தான். “கோர்ட்டிலை அந்த லேடி சொன்ன வேர்டா?”

“ஓம். அதே சொல்தான்.”

அவன் மைக்கை மியூட் பண்ணிவிட்டான். அங்கே போனைப் பிடித்திருந்த பிள்ளை பந்தம் பிடிக்கப் போயிருக்க வேண்டும். எங்கேயோ சாத்தி வைத்துவிட்டாள். கன நேரத்துக்குப் பந்தலின் தகரக் கூரைதான் தெரிந்துகொண்டிருந்தது.